நிற்காமல் நடங்கள், படத்தில் விழமாட்டீர்கள்

ஓடுகிற தண்ணீரைப் படம் பிடிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது நல்ல கேமரா அல்ல, முழங்கால்வரை நனைந்த கால்சட்டையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கும் தெம்பு.

கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு அட்டைக்கடி வாங்கும் என் சக பாவிகளுக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக இரண்டு வரி. கேமராவின் கண்ணைச் சட்டென்று திறந்து மூடினால் தண்ணீர் துளித்துளியாக உறைந்து நிற்கும். லென்சுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கண்ணை முப்பது வினாடி திறந்தே வைத்தால், விழுகிற தண்ணீரெல்லாம் ஒன்றாகக் கலந்து வெள்ளைப் பட்டாகிவிடும். பாறை அசையாது, ஆகவே பாறை பாறையாகவே இருக்கும். அசைகிற எதுவும் படத்தில் தங்காது.

நான் இருப்பது மலேசியாவில், மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில். சோற்றுக்குக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. ஆசைக்கு அருவி. லேடாங் மலையின் எங்கள் மலாக்காப் பக்கத்துச் சரிவில், செம்பனைத் தோட்டத்தைத் தாண்டினால், பெயர்ப்பலகைகூட இல்லாத ஓர் அருவி இருக்கிறது. கீழே வரும் கதைகளுக்கெல்லாம் அதுதான் காரணம். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். கடைசிவரை சிரிப்பு இருக்காது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளையின் கை

கல்யாணத்துக்கு முன்னால் அருவிக்கரையில் படம் எடுத்துக்கொள்வது இப்போது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டது. ஒரு ஜோடியை அழைத்துப் போனேன். பின்னால் தண்ணீர் வெள்ளையாக விழவேண்டும், முன்னால் இவர்கள் இருவரும் தெளிவாக இருக்கவேண்டும். அதற்கு இரண்டு வினாடி சிலையாக நின்றால் போதும். பெண் பட்டுச்சேலையில் சிலையாகவே நின்றாள். மூச்சுகூட விடவில்லை. மாப்பிள்ளையும் நின்றார், ஆனால் அவர் காலில் அட்டை ஏறிவிட்டது. உடம்பு அசையாமல் வலது கை மட்டும் கீழே போய்ச் சொறிந்துவிட்டு வந்திருக்கிறது.

அன்றைக்கு அதை நான் கவனிக்கவில்லை. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு வலது கை முழங்கைக்குக் கீழே புகைபோலக் கரைந்திருக்கிறது. மற்ற எல்லாப் படத்தையும்விட அதில்தான் பெண் அழகாக இருந்தாள். கண்ணில் படாது என்று நினைத்து அதையும் ஆல்பத்தில் சேர்த்துவிட்டேன். பெண்ணின் அம்மா முதலில் திறந்ததே அந்தப் பக்கத்தைத்தான். தாலி கட்டவேண்டிய கையைக் காணோம் என்றால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பார்? ஆல்பத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் முகூர்த்தக்கால்கூட நடல, அதுக்குள்ள மருமகன் கைய ஆத்துல விட்டுட்டு வந்திருக்கீங்களே தம்பி!"

சுவருக்கு ஓர் அருவி

செங் என்ற இடத்தில், தொழிற்சாலைகளுக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார் ஜமால் பாய். ஷிப்ட் முடிந்து வியர்வையோடு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் மனது குளிரவேண்டும், சுவர் அகலத்துக்கு ஓர் அருவிப் படம் வேண்டும் என்றார். இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைப்பாரா? என்னிடம் இருந்ததிலேயே சிறந்ததை எடுத்துப் போய்க் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். கல்லாவிலிருந்து இறங்கி வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். கடைசியில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வறண்ட மாதத்தில் எடுத்த படம், தண்ணீர் மெலிந்துதான் இருந்தது. பாய் தீர்ப்பைச் சொன்னார்: "டின் பால யாரோ பாறைமேல ஊத்துன மாதிரி இருக்குலா தம்பி. நல்ல மழை ஒண்ணு பேயட்டும், பேஞ்ச மறுநாளே போயி எடுத்துட்டு வா."

படத்தில் இல்லாதவர்

அந்த அருவியில் எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சிநேகிதர் ஒருவர் இருந்தார். பெயர் குணசேகரன். நான் குணா அண்ணன் என்பேன். பாயா ரும்புட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மனைவி தேவியோடும் மகள் யாழினியோடும் இருந்தார். செங்கில் பத்தொன்பது வருஷம் மெஷின் ஓட்டியவர். ஒரு நாள் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு ஞாயிறு காலையில் தூண்டிலை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அருவிக்கு வந்துவிடுவார். மீன் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

சங்கடம் என்னவென்றால், அவர் நிற்கும் கரும்பாறைதான் என் படத்தின் நடுவிடம். வயதில் மூத்தவரை விலகச் சொல்ல மனம் வராது. அதனால் இந்தத் தொழிலில் நாம் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். "நிக்காம அங்கயும் இங்கயும் நடங்கண்ணே, நீங்க படத்துல விழமாட்டீங்க." அவர் நம்பவில்லை. பாறையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். முப்பது வினாடி முடிந்து கேமராவில் காட்டினேன். பாறை இருந்தது, அருவி இருந்தது, அவர் இல்லை. சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் முக்காலியை விரித்ததும் நான் சொல்லாமலேயே நடக்க ஆரம்பித்துவிடுவார். ஏன் இதில் உங்களுக்கு இவ்வளவு சந்தோஷம் என்று ஒருமுறை கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "வேல போனதுலேருந்து வீட்ல, கடையில, கோயில்ல எல்லாரும் என்னையேதான் பாக்குறாங்க தம்பி. ஒங்க படம் ஒண்ணுலதான் நான் ஆருக்கும் தெரியாம இருக்கேன்."

மழைக்கு மறுநாள்

ஜமால் பாய் சொன்ன மழை ஒரு சனிக்கிழமை பெய்தது. மறுநாள் காலை அருவி இரண்டு மடங்காகியிருந்தது. தண்ணீர் கரும்பாறையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு ஓடியது. எனக்குக் கை பரபரத்தது. குணா அண்ணன் எனக்கு முன்னமே வந்திருந்தார். என் கண்ணெதிரே மைலோ டின்னிலிருந்து புழுவை எடுத்துத் தூண்டிலில் மாட்டினார். மேலே கொஞ்ச தூரத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தில் தூண்டிலை ஊன்றிவிட்டுப் பாறைக்கு வந்தார். மீன் மாட்டினால் வீட்டில் புளி போட்டுக் குழம்பு வைக்கச் சொல்லவேண்டும் என்றார்.

நான் சொன்னேன், "அண்ணே, நிக்காதீங்க, நடங்க." பாறை ஈரமாக இருந்தது எனக்குத் தெரியும். பாசி இருந்ததும் தெரியும். சொன்னது நான்தான். அவர் என்னைப் பார்த்துத் திரும்பி, சிரித்தபடி நடக்கத் தொடங்கினார். பொத்தானை அமுக்கிவிட்டு, வழக்கம்போலக் கைப்பேசியில் ஓடும் வினாடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அருவிச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. முப்பது ஆனதும் நிமிர்ந்தேன். பாறையில் யாரும் இல்லை. தூண்டிலைப் பார்க்க மேலே போயிருப்பார் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், முதலில் அப்படிக்கூட நினைக்கவில்லை. படத்தைத்தான் பார்த்தேன். அவ்வளவு சுத்தமான படம் என் வாழ்க்கையில் எடுத்ததில்லை. சந்தோஷமாக மூட்டை கட்டினேன். கீழே செம்பனை மரத்தடியில் அவருடைய மோட்டார் நின்றது. அதைப் பார்த்து ஒரு ஹாரன் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "நடக்குறேன், நடக்குறேன், நீங்க அமுக்குங்க தம்பி."

கேட்டதற்கு மட்டும் பதில்

திங்கட்கிழமை படத்தை அச்சடித்து, சட்டம் போட்டு, சாயங்காலம் ஜமால் பாய் கடைச் சுவரில் மாட்டினேன். பாய்க்கு வாயெல்லாம் பல். அங்கே உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் வாட்சப்பில் செய்தி வந்தது, பாயா ரும்புட் குணசேகரன் நேற்றிலிருந்து வீடு திரும்பவில்லை என்று. மோட்டாரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொம்பா மீட்புப் படை தேடுகிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், அருவிக்குக் கீழே மரவேரில் மாட்டியிருந்தவரை எடுத்தார்கள்.

நானாகத்தான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். தமிழ் சார்ஜன் ஒருவர் விசாரித்தார். ஞாயிறு காலை அங்கே இருந்தீர்களா? இருந்தேன். அவரைப் பார்த்தீர்களா? பார்த்தேன், தூண்டில் போட்டார். அவர் விழுந்ததைப் பார்த்தீர்களா? இல்லை. ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஆனால் அவரை நடக்கச் சொன்னது யார் என்று சார்ஜன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பயம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சார்ஜன் பேனாவை என் பக்கம் தள்ளினார்: "பாக்கலன்னா பாக்கலன்னு எழுதிக்கிறேன்ணே, கீழ கையெழுத்துப் போடுங்க."

மாலை போட ஒரு படம்

சாவு வீட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். எங்கள் தொழிலில் இது அடிக்கடி வரும் வேலை. அந்த வீட்டுக்கு என்னையே கூப்பிட்டார்கள். குணா அண்ணனுக்கு நல்ல படமே இல்லை. அடையாள அட்டையில் இருக்கும் ஒன்று. கல்யாணத்தில் எடுத்தது ஒன்று, அதில் அவருக்கு இருபத்தேழு வயது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்கப் பெரிதாக்க முகம் புள்ளிபுள்ளியாக உடைந்தது. என்னால் முடிந்தவரை சரிபண்ணிக் கொண்டுபோனேன்.

தேவி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவர் மாதிரியே இல்லை என்று எனக்குத் தெரியும். என் கேமராவுக்கு முன்னால் அத்தனை ஞாயிறுகள் நடந்த மனிதர் அவர். என்னிடம் அவருடைய ஒரு நிழல்கூடக் கிடையாது. அதைத்தான் அந்த அம்மா கேட்டார்: "ஞாயித்துக்கெழமன்னா ஒங்ககூடதான இருந்தாரு, ஒரு படம்கூடவா இல்லண்ணே?"

கருமாதிப் பந்தல்

பதினாறாம் நாள் கருமாதிக்குப் போனேன். பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் லோரி மாமா என்று கூப்பிடும் உறவுக்காரர் ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாத மனிதர். வேலை போனதையும், வீட்டில் கொஞ்ச நாளாக யாரோடும் பேசாமல் இருந்ததையும் அடுக்கினார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். தவறி விழவில்லை, தானாகக் குதித்திருக்கிறார் என்று எல்லாரும் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள். தூண்டிலில் மாட்டிய புழு என் கண்ணுக்குள் நின்றது. அப்போதாவது பேசியிருக்கலாம். பேசவில்லை.

தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த யாழினி லோரி மாமாவின் பின்னால் நின்றிருந்தாள். ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை, அந்த வருஷம் பெரிய பரீட்சை. ஜக்கை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். லோரி மாமா பேசியதில் அவள் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "வேல போனவன் மழைக்கு மறுநாள் ஆத்துக்குப் போறான்னா, மீன் புடிக்கவாலா போவான்?"

கண்ணாடி துடைக்கிறவர்

ஏழெட்டு மாதம் ஜமால் பாய் கடைப்பக்கமே நான் போகவில்லை. ஒரு நாள் பாய் கைப்பேசியில் கூப்பிட்டுத் திட்டினார், அதனால் போனேன். உள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கையில் துணியோடு ஒரு பெண் நாற்காலிமேல் ஏறி என் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேவி. சமையலறை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமாம். தினமும் காலையில் அந்தப் படத்தைத் துடைப்பது அவர் வேலை. அது எந்த அருவி என்று அவருக்குத் தெரியாது. அவர் அந்த இடத்துக்குப் போனதே இல்லை.

பாயை வெளியே கூட்டிக்கொண்டு போய், கார் நிறுத்துமிடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மனிதரிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல்தடவை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மழைக்கு மறுநாள் போகச் சொன்னது தான்தானே என்று அவர் முகமும் செத்துவிட்டது. என் தோளைப் பிடித்து உள்பக்கம் திருப்பினார்: "நான் சொல்ல முடியாது தம்பி, நீதான் சொல்லணும். நீ சொல்ற வரைக்கும் அந்தப் புள்ள புருசன் உசுரு போன எடத்தத் தொடச்சிக்கிட்டேதான் இருக்கும்."

விரல்

கூட்டம் குறைந்த நேரத்தில் சொன்னேன். அந்தப் படத்தின் கீழேயே, எச்சில் மேசைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்றுகொண்டு. நிற்காதீர்கள், நடங்கள் என்று நான் சொன்னதை. பாசியை நான் பார்த்திருந்ததை. ஹாரன் அடித்துவிட்டுப் போனதை. தேவி அழவில்லை. "எட்டு மாசம்ணே," என்றார். "எட்டு மாசமா எம்மக அப்பா நம்மள விட்டுட்டுப் போய்ட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருக்கா." அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன்.

பிறகு படத்தைக் காட்டி, அவர் எங்கே நடந்தார், விரலை வைத்துக் காட்டுங்கள் என்றார். கரும்பாறையின் நடுவில் விரலை வைத்து, அந்த முனைவரை இழுத்துக் காட்டினேன். கண்ணாடியில் என் விரலின் கோடு விழுந்தது. கையில் துணி இருந்தும் அவர் அதைத் துடைக்கவில்லை. அந்தக் கோட்டின்மேல் தன் விரலை வைத்து, மெதுவாக, அதே தூரம் இழுத்துப் பார்த்தார். தூண்டில் என்ன ஆனது என்று கேட்டார். புழு மாட்டி மேலே ஊன்றிவைத்திருந்தார், குழம்பு வைக்கச் சொல்லவேண்டும் என்றார் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது: "சாகப்போறவரு புழு மாட்டுவாராண்ணே? இத எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாது, பந்தல்ல சோறு தின்ன அத்தன பேருக்கும் முன்னாடி வந்து சொல்லுங்க."

திதி

வருஷத் திதிக்குக் கோயில் மண்டபத்தில் அதே உறவுகள் கூடியிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எழுந்து சொன்னேன். கல்யாண மேடைகளில் நூறு பேரை நிற்க வைத்து வேலை வாங்குகிறவன், அன்றைக்கு ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடித்ததும் லோரி மாமா எழுந்தார். "அப்ப அவன் குதிக்கல. நீயாலா தள்ளுன?" என்றார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். மண்டபம் முழுக்க என்னைப் பார்த்தது. குணா அண்ணன் சொன்ன பார்வை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாழினி தூணருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பரீட்சையை விட்டுவிட்டு, அப்பா வேலை பார்த்த அதே செங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தாள். கிட்டே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா ஒங்களப் பாத்து நடந்தாரா அங்கிள், தண்ணியப் பாத்து நடந்தாரா?" அமுக்கும்போது என்னைப் பார்த்துத்தான் நடந்தார், சிரித்துக்கொண்டு, என்றேன். அப்புறம்? அப்புறம் எனக்குத் தெரியாதம்மா, நான் வினாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முப்பது வினாடியில் மிச்சம் என்ன நடந்தது என்று இனி யாருக்கும் தெரியாது, அதையும் மறைக்காமல் சொன்னேன். புழு மாட்டிய விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். தலையாட்டினாள். இந்த வருஷம் தனியாகப் பரீட்சை எழுதப் பதிந்திருக்கிறாள் என்று தேவி சொன்னார். பந்தியில் இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். போகும்போது திரும்பி, கோபம் ஒன்றும் இல்லாமல், கூடப் படிக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்: "அடுத்த தடவ ஆளப் பாருங்க அங்கிள்."

இப்போதெல்லாம் என் அருவிப் படங்கள் எல்லாவற்றிலும் யாராவது ஒருவர் நட்டநடுவில் தெளிவாக நின்று படத்தைக் கெடுக்கிறார், அசையாமல் நில்லுங்கள் என்று நான்தான் சொல்லி வைக்கிறேன், அப்படிப்பட்ட படத்தைச் சுவரில் மாட்டத்தான் மலாக்காவில் ஒரு கடைக்காரரையும் காணோம்.